அப்பாவின் வேனுக்குப் புது ரப்பர்

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய வேன் ஒன்று நிற்கிறதா? மழை பெய்த மறுநாள் அதன் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வேன் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது ரப்பரைப் பற்றியதும்கூட. ரப்பரால் சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே நாம்!

என் அப்பா பதினைந்து வயதில் பால்வெட்டக் கத்தி பிடித்தவர். 1982-ல், சேர்த்து வைத்த காசையும் சீட்டு எடுத்த காசையும் போட்டு, பழைய வோல்க்ஸ்வேகன் கொம்பி வேன் ஒன்றை வாங்கினார். அது 1974-ல் செய்த வண்டி. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் போவார். மதியம் திரும்ப அழைத்து வருவார். நானும் அதில் போய்ப் படித்தவள்தான். 2004-ல் வண்டியை நிறுத்தினார். அன்று முதல் அது எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது.

போன வருடம் என் அண்ணன், "இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, ஆடித் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு இந்த வண்டியிலேயே ஒருதரம் போய் வரணும்" என்றார். எண்பது வயது மனிதர் கேட்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

எஞ்சினை டவுனில் இருக்கும் சீனர் பட்டறையில் பார்த்துக்கொண்டார்கள். தவுக்கே வண்டியைச் சுற்றி வந்து, தரையைத் தட்டிப் பார்த்து, "எஞ்சின் பிழைச்சுக்கும். தண்ணி உள்ளே வந்தா வண்டி பிழைக்காது. ரப்பரை மாத்து" என்று சொல்லிவிட்டார். கதவு, ஜன்னல் வேலை கூலிக்குக் கட்டாது என்பதால் அது என் தலையில் விழுந்தது. "வீட்டுக்கூரை ஒழுகுது, அதை விட்டுட்டு வேன் ஒழுகலுக்கு வைத்தியமா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டேன்.

கொம்பி வேனைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1947-ல் பென் பொன் என்ற டச்சுக்காரர் சிறிய குறிப்பேட்டில் கிறுக்கிய படம்தான் அதற்கு மூலம். 1950-ல் ஜெர்மனியில் உற்பத்தி ஆரம்பித்தது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்த முதல் வகை 1967-ல் முடிந்து, ஒரே வளைந்த கண்ணாடி கொண்ட வகை வந்தது. அப்பாவின் வண்டி இந்த இரண்டாவது வகை. ஜெர்மனியில் இது 1979 வரைக்கும், பிரேசிலில் 2013 வரைக்கும் ஓடி வந்தது. அதனால்தான் அதன் சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன.

முன்கதவுகளில் பெரிய கண்ணாடிக்கு முன்னால் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். நாங்கள் முக்கோணக் கண்ணாடி என்போம். (பேர்தான் முக்கோணம், எண்ணிப் பார்த்தால் நான்கு மூலை! கணக்கு வாத்தியார்கள் கோபிக்க வேண்டாம்.) குளிர்சாதனம் இல்லாத காலத்தில் ஓட்டுநரின் உயிரே அதில்தான் இருந்தது. கொஞ்சமாகத் திறந்தால் உள்ளே இருக்கும் சூட்டையும் சுருட்டுப் புகையையும் வெளிக்காற்று உறிஞ்சிக்கொண்டு போகும். முழுக்கத் திருப்பி எதிர்க்காற்றுக்குக் காட்டினால் முகத்தில் வந்து அறையும். முன்சீட்டுக்காக நாங்கள் போட்ட சண்டையெல்லாம் அந்தக் காற்றுக்காகத்தான்.

ஆனால் அந்தச் சின்ன ஜன்னல்தான் மழைக்கும் வாசல். நாற்புறமும் ரப்பர் வாரை மட்டுமே நம்பி நிற்கிறது அது. எங்கள் வண்டியில் அந்த வார் கருவாடு போல வெடித்துக் கிடந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? வெயில் காய்ச்சுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய எதிரி காற்றில் இருக்கும் ஓசோன். நூறு மில்லியன் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே போதும், இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் உள்ள பலவீனமான கண்ணிகளை அது அறுத்துவிடும். இதில் விசித்திரம் ஒன்று உண்டு. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் வெடிப்பு விழும். சும்மா கிடக்கும் ரப்பரில் விழாது. இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்தே காட்டினேன். பலகையில் இரண்டு ஆணி அடித்து ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினோம். இன்னொன்றைப் பக்கத்தில் தளர்வாகத் தொங்கவிட்டோம். வகுப்பறைக்கு வெளியே கூரை நிழலில் சில வாரம் இருந்தன. இழுபட்ட வளையத்தில் குறுக்கே குறுக்கே கீறல் விழுந்து, ஒருநாள் அறுந்தே போனது. தளர்ந்தது அப்படியே இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்தப் பாடத்தை நானே பிறகு மறந்து போனதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் கழற்றும் வேலை. கதவின் உள்தட்டியை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடியைக் கீழே இறக்க வேண்டும். சின்ன ஜன்னலுக்கு மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. கீழ்முளையில் ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் இருக்கும். கதவுக்குள் கையை விட்டால் தட்டுப்படும். ஜன்னல் திறந்த இடத்தில் நிற்பதற்கு அதுதான் பிடிமானம். அது தளர்ந்தால் வண்டி வேகமாகப் போகும்போது ஜன்னல் தானாகச் சாத்திக்கொள்ளும். மேல்முளை ரிவெட் அடித்தது. துளைத்துத்தான் எடுக்க முடியும். அவசரப்பட்டுக் கண்ணாடியைப் பிடித்து ஆட்டாதீர்கள். பழைய கண்ணாடி உடைந்தால் ரப்பர் செலவு போல இன்னொரு செலவு. பழைய வாரையும் தூக்கி எறிய வேண்டாம். உதிர்ந்த துண்டையெல்லாம் பழைய பேப்பரில் வரிசையாக வைத்து இடது, வலது என்று எழுதி வையுங்கள். புதுசு வந்ததும் அளவு பார்க்க அதுதான் ஆதாரம். நான் எழுதி வைத்ததால்தான், கடைக்காரர் இரண்டும் இடப்பக்கத்து வாராகவே அனுப்பியிருந்ததைப் பெட்டி திறந்த அன்றே கண்டுபிடித்தேன்.

வாரை எடுத்தபின் அடியில் இருக்கும் தகரத்தைப் பாருங்கள். அங்கேதான் வண்டியின் உண்மை தெரியும். எங்கள் வண்டியில் வலப்பக்கம் துருவோடு போனது; இடப்பக்கம் கீழ்மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. தவுக்கே ஒரு தகரத் துண்டு வைத்துப் பற்றவைத்துத் தந்தார். மற்ற இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவுக்கான பாஸ்போரிக் அமில மருந்து தடவி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் கொடுத்தேன். பூச்சு நன்றாகக் காய நாள் கொடுங்கள். காயாத பெயிண்டில் ரப்பரை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை பெயிண்டோடு உரிந்து வரும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறிய துவாரங்கள் இருக்கும். அவற்றைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். மேலே எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக வழி வேண்டும். ஜன்னல் சட்டத்தின் குரோமில் இருந்த துருப்புள்ளியை, சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். காசில்லாத வைத்தியம். பாதி நாள் பிடித்தது, ஆனால் பளிச்சென்று வந்தது.

சரியான புது வார்கள் வந்த அன்று அப்பா கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல பால் வாசமே இல்லையே?"

"இது கித்தா இல்லப்பா. ஈ.பி.டி.எம்.னு பேரு. பெட்ரோலியத்துலேருந்து செய்யறது. வெயிலுக்கும் ஓசோனுக்கும் நல்லாத் தாங்கும். எண்ணெய்தான் ஆகாது."

அப்பா வாரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளில் சில எங்கள் கோலகங்சாரில்தான் நடப்பட்டன. பிறகு இந்த நாடு உலகிலேயே அதிகமாக ரப்பர் தந்த நாடாகப் பல காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் தாய்லாந்து முந்தியது. அப்படிப்பட்ட மண்ணில், நாற்பது ஆண்டு ரப்பரோடு வாழ்ந்த மனிதருக்கு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கித்தா அல்லாத ரப்பர்! விமானச் சக்கரத்து டயரில் இன்றும் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான் என்று சொன்னேன். "அப்படியா?" என்றார். அரைகுறையாகத்தான் சமாதானமானார்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். கதவு ஓரத்து வார் மூன்று விரற்கடை போதாமல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இழுத்து இழுத்துப் பொருத்தினேன். முனையோடு முனை கச்சிதமாகச் சேர்ந்தது. பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி! இழுபட்ட ரப்பர் தன் பழைய நீளத்துக்குத் திரும்பத்தானே பார்க்கும்? அப்பா பார்த்துவிட்டு, "பால்தாளையே இழுத்தாச் சுருங்கிப் போகுது, இது சுருங்காதா?" என்றார். என் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசகர்களே, வாரை ஒருபோதும் இழுக்காதீர்கள். சற்றே நெருக்கித் தள்ளிப் பொருத்துங்கள். மூலைகளை முதலில் உட்காரவைத்து, நடுப்பகுதியைக் கடைசியில் அழுத்துங்கள். மிச்சம் இருந்தால் ஒரு நாள் விட்டு மறுநாள் வெட்டுங்கள். சோப்புத் தண்ணீர் வழுக்கலுக்குப் போதும். கிரீஸ், எஞ்சின் எண்ணெய் எல்லாம் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

பொருத்திய பின் ஒழுகுமா ஒழுகாதா என்று அறிய எங்கள் தொழிலில் ஒரு கருவி இருக்கிறது: சுண்ணக்கட்டி! வார் முழுக்கச் சுண்ணத்தூள் தடவி, ஜன்னலை மெதுவாகச் சாத்தித் திறங்கள். கண்ணாடிச் சட்டத்தில் வெள்ளைக்கோடு எங்கே விட்டுப் போகிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை என்று பொருள். எனக்கு வலப்பக்கம் முழுக்கோடு விழுந்தது. இடப்பக்கம், அந்தத் தகரம் பற்றவைத்த மூலையில், ஓர் அங்குலம் விட்டுப் போனது. பிடியைச் சரிசெய்து பார்த்தேன், முளையை நகர்த்திப் பார்த்தேன். அரை அங்குலமாகக் குறைந்தது. அதற்கு மேல் தகரமே கோணல்.

முன்கண்ணாடிக்கு ஆள்துணை வேண்டும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, உட்பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் வைத்து, இரண்டு முனையையும் கீழே நடுவில் தொங்கவிட வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளேயிருந்து இன்னொருவர் கயிற்றை மெல்ல இழுத்தால், ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியே அழுத்தியது யார் என்கிறீர்களா? கூரை ஒழுகுகிறது என்று சொன்ன அதே மனிதர்தான். உள்ளே கயிறு இழுத்தது அண்ணன். நான் நடுவில் நின்று இருவரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி ஞாயிறு அன்று புறப்பட்டோம். பழைய தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. போகும்போது வெயில். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, கைபிடியை அழுத்தித் திருகி, முக்கோணக் கண்ணாடியை முழுக்கத் திருப்பிவிட்டார். காற்று அவர் வேட்டியையும் என் முந்தானையையும் சேர்த்து அடித்தது. பேச்சே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது, வழக்கம்போல மூன்று மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. பேராக் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல்களைச் சாத்தினோம். முன்கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. வலப்பக்கம் இல்லை. எல்லோரும் இடப்பக்கத்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மைல் போனதும் ஒரு துளி திரண்டது, தொங்கியது, அப்பாவின் முழங்காலில் விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று.

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா காலடியில் இருந்த பையைத் துழாவினார். கோயிலுக்குப் பின்னால், விட்டுப்போன ஒரு பழைய கித்தா மரத்தடியில் பொறுக்கி வைத்திருந்த பால் மங்கு ஒன்றை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். துளி விழும் இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்போது மங்கில் கால்வாசித் தண்ணீர் இருந்தது.