குடும்ப வரலாறு தேடுவது எப்படி? அக்கம்பக்கத்தாரும் பக்கத்து கவுண்டியும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

குடும்ப வரலாறு பற்றிப் பேசும்போதெல்லாம் உங்களில் பலர் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "தாத்தா பேரைப் போட்டுத் தேடினேன், ஒண்ணுமே வரல. அதோட முடிஞ்சுதா?" முடியலை. பல சமயம் தேடல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு அனுபவத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

நான் இருக்கிறது கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கம். எங்க தெருவில் ஒரு அம்மா இருக்காங்க. எழுபது வயசைத் தாண்டியவங்க. முதல் பெயர் ஸ்பானிஷ் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் சிங். தாத்தா பஞ்சாபில் இருந்து வந்த சீக்கியர், பாட்டி மெக்சிகோவில் பிறந்தவர். நான் இந்தியன் என்பதாலோ என்னவோ, ஒரு நாள் காபி குடிக்கும்போது மனசில் இருந்ததைச் சொன்னாங்க. ஒரு குடும்ப விருந்தில் உறவினர் ஒருத்தர் போகிற போக்கில், "உங்க தாத்தாவும் பாட்டியும் முறையா கல்யாணமே பண்ணிக்கலை" என்று சொல்லிட்டாராம். அப்போ இவங்களுக்குப் பத்து வயசு. அந்தப் பேச்சை அவங்க அம்மா கடைசிவரைக்கும் சுமந்தாங்க. "அம்மா போய்ட்டாங்க. எனக்காவது தெரியணும்" என்றார்.

அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன். பெயர், ஊர் விவரங்களை விட்டுட்டேன்.

இந்தக் குடும்பங்கள் எப்படி உருவாயின?

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இம்பீரியல் பள்ளத்தாக்கு இருக்கு. பாலைவனம். 1901-ல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியா வந்த பிறகு அது விவசாய பூமியாச்சு. பருத்தி பயிரிடப் பஞ்சாபி ஆண்கள் அங்கே போனாங்க. அவங்க மனைவியையோ மணப்பெண்ணையோ ஊரில் இருந்து கூட்டி வர முடியலை. 1917-ல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்திடுச்சு. அதே காலத்தில், 1910-ல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியில் இருந்து தப்பி, எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் அதே பருத்திக் காட்டில் வேலை பார்த்தன. இந்த ரெண்டு கூட்டமும் சேர்ந்து உருவானவைதான் பஞ்சாபி-மெக்சிகன் குடும்பங்கள். இவர்களைப் பற்றி மானுடவியல் ஆய்வாளர் கேரன் லியோனார்ட் 1992-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

இந்தத் தேடலுக்கு மூணு சட்ட விவரம் தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு, கலிபோர்னியாவில் 1948 வரைக்கும் வெள்ளையர், வேறு சில இனத்தவரைக் கல்யாணம் பண்ணத் தடை இருந்தது. பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. மெக்சிகோக்காரர்கள் சட்டப்படி வெள்ளையர். பஞ்சாபிகள் யார் என்பதை, லைசன்ஸ் கொடுக்கிற குமாஸ்தா ஆளைப் பார்த்து முடிவு பண்ணுவார். ஒருத்தர் கொடுப்பார், இன்னொருத்தர் மறுப்பார். மறுத்தால் ஜோடி வேறு கவுண்டிக்கோ வேறு மாநிலத்துக்கோ போகும்.

ரெண்டு, 1913-ல் வந்த அந்நியர் நிலச் சட்டம். குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பலருடைய நிலம் வேற ஆளுடைய பெயரில்தான் இருந்தது. தெரிஞ்ச வெள்ளைக்கார விவசாயி, வக்கீல், பிற்பாடு அமெரிக்காவில் பிறந்த சொந்தப் பிள்ளைகள். தாத்தா பேரை நிலப் பதிவில் தேடினால் ஏன் கிடைக்காது என்று இப்போ புரியுதா?

மூணு, 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. குடியுரிமைக் கோப்பு இருந்தால், பெரும்பாலும் அதுக்குப் பிந்தியதாத்தான் இருக்கும்.

நான் பண்ண தப்பு

அமெரிக்காவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி. கல்யாண லைசன்ஸ், நிலப் பத்திரம், உயில் வழக்கு எல்லாம் பெரும்பாலும் கவுண்டி அளவில்தான் இருக்கும். குடும்பம் வாழ்ந்தது இம்பீரியல் கவுண்டியில், அதனால கல்யாணப் பதிவும் அங்கேதான் இருக்கும் என்று நானா முடிவு பண்ணிட்டேன். மூணு மாசம் அந்த ஒரே கவுண்டியின் அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிங்குகள் ஏராளம். இவர் இல்லை.

"அப்போ அவர் சொன்னது சரிதானா?" என்று அந்தம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஒரு இடத்தில் மட்டும் தேடிட்டு, ஒரு குடும்பத்தோட மானத்துக்கு நான் தீர்ப்பு எழுதப் பார்த்தேன். இன்னைக்கு நினைச்சாலும் வெட்கமா இருக்கு.

அப்புறம்தான் வரைபடத்தை எடுத்தேன். கவுண்டி எல்லைகள் நிலையானவை கிடையாது. இம்பீரியல் கவுண்டியே 1907-ல்தான் சான் டியேகோ கவுண்டியில் இருந்து பிரிந்தது. அதுக்கு முந்தைய காகிதம் வேணும்னா சான் டியேகோவில்தான் பார்க்கணும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரிசோனாவில் யூமா கவுண்டி. அதில் இருந்து லா பாஸ் கவுண்டி பிரிந்தது 1983-ல். இன்னைக்கு லா பாஸில் இருக்கிற ஊரோட பழைய பதிவை யூமாவில் தேடணும். சிகாகோவில் இருக்கிற நியூபெரி நூலகம் எல்லா மாநிலங்களுக்கும் கவுண்டி எல்லைகளின் வரலாற்று வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்திருக்கிறது. தேடலைத் தொடங்கும் முன் அதைப் பாருங்க.

சான் டியேகோ, ரிவர்சைடு, யூமா மூணையும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

ஆளை விட்டுட்டு, சுற்றி இருந்தவங்களைப் பிடிங்க

நம்ம ஊர் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவாங்க இல்லையா? கிழக்கே யார் நிலம், மேற்கே யார் வீடு என்று. நம்ம நிலத்தை அடையாளம் காட்டுறதே பக்கத்துக்காரர் பெயர்தான். ஆளைத் தேடுறதும் அப்படித்தான். எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் இதை ஒரு முறையாவே வகுத்திருக்கார்: நண்பர்கள், கூட்டாளிகள், அண்டைவீட்டார். அவங்க விட்டுட்டுப் போன காகிதத்தில் நம்ம ஆள் இருப்பார்.

முதலில் 1930 சென்சஸ். அமெரிக்க சென்சஸில் தனிநபர் விவரங்கள் 72 வருஷம் கழிச்சுத்தான் வெளியாகும். 1950 சென்சஸ் 2022 ஏப்ரலில் வெளிவந்தது. இதில் 1930 ரொம்ப ருசியானது. இனம் என்ற கட்டத்தில் எந்த மதமானாலும் இந்தியர்களை 'ஹிந்து' என்று எழுதினாங்க. 'மெக்சிகன்' என்பதை அந்த ஒரு சென்சஸில் மட்டும் தனி இனமாக் காட்டினாங்க. அதனால ஒரே வீட்டில் புருஷன் ஹிந்து, மனைவி மெக்சிகன் என்று வரிகள் வரும். அதோட, முதல் கல்யாணத்தின்போது வயசு என்ன என்றும் அந்த வருஷம் கேட்டாங்க. பாட்டிக்கு நேரே வயசு 24, கல்யாண வயசு 19 என்று இருந்தது. அப்படின்னா 1925 வாக்கில் கல்யாணம். வீட்டில் யாரோ வாய்மொழியாச் சொன்னதுதான், ஆதாரம் ஆகாது. ஆனா எந்த வருஷத்தில் தேடணும் என்று தெரிஞ்சுபோச்சு.

நான் முன்னாடி பண்ணாத ஒரு வேலையை இப்போ பண்ணேன். அந்தப் பக்கம் முழுக்க வாசிச்சேன், முன்னும் பின்னும் ரெண்டு பக்கமும் சேர்த்து. ரெண்டு வீடு தள்ளி இன்னொரு சிங். மனைவி மெக்சிகன். நாலு பிள்ளைகளில் மூணு பேர் கலிபோர்னியாவில் பிறந்தவங்க. மூத்தது மட்டும் டெக்சாஸ்.

அடுத்தது 1942. இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய 45-ல் இருந்து 64 வயசுக்குள்ளான ஆண்களையும் பதிவு பண்ணச் சொன்னாங்க. அந்த அட்டையில் ஒரு கேள்வி: உங்க முகவரி எப்பவும் தெரிஞ்ச ஒருத்தர் பெயர் என்ன? தாத்தா எழுதியிருந்தது, ரெண்டு வீடு தள்ளி இருந்த அதே சிங்கின் பெயர். பன்னிரண்டு வருஷம் கழிச்சும் அதே ஆள்.

மூணாவது, கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. இந்த வீடுகளில் அப்பா சீக்கியரா இருந்தாலும் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவின் மதத்தில்தான் வளர்ந்தாங்க. அந்தம்மாவுடைய தாயாரின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் யார் தெரியுமா? அதே பக்கத்து வீட்டு சிங்கின் மனைவி. கன்னிப்பெயரோட எழுதியிருந்தாங்க. பாட்டியின் கன்னிப்பெயரும் அதேதான்.

அக்கா தங்கச்சி! அந்த ரெண்டு சிங்குகளும் சகலைகள்.

அக்கா போன வழி

இப்போ பாட்டியை விட்டுட்டு அக்காவைத் தேடினேன். மெக்சிகோ எல்லையைக் கடந்தவங்களுக்கு எழுதப்பட்ட அட்டைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கு. அதில் அக்கா பெயர் கிடைச்சது. அம்மாவோட ரெண்டு பெண்கள், எல்லை கடந்த இடம் டெக்சாஸின் எல் பாசோ. மூத்த குழந்தை டெக்சாஸில் பிறந்த கதை புரிஞ்சது.

எல் பாசோ கவுண்டியின் கல்யாண அட்டவணையைப் பார்த்தேன். இல்லை. ஆனா இந்தத் தடவை மனசு விடலை. மறுபடியும் வரைபடம். எல் பாசோவை ஒட்டி வடக்கே, மாநில எல்லையைத் தாண்டினால் நியூ மெக்சிகோவின் டோன்யா ஆனா கவுண்டி. தலைநகர் லாஸ் குரூசஸ். நியூ மெக்சிகோவில் இனம் பார்த்துக் கல்யாணத்தைத் தடுக்கிற சட்டம் அப்போ கிடையாது. பஞ்சாபி-மெக்சிகன் ஜோடிகள் சிலர் அங்கே போய்ப் பதிவு பண்ணியிருக்காங்க.

அங்கே அக்காவின் கல்யாணம் முதலில் கிடைச்சது. சிங் என்பதை எழுத்து மாற்றி எழுதியிருந்ததால், அதை அக்காவின் கன்னிப்பெயர் வழியாத்தான் பிடிச்சேன். அதே எழுத்துக்கூட்டலை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் தள்ளிப் போனேன். பாட்டியும் தாத்தாவும் இருந்தாங்க. சாட்சிகள் அக்காவும் சகலையும்.

வீட்டில் இருந்து 500 மைலுக்கு மேல் போய்க் கல்யாணம் பண்ணியிருக்காங்க. உள்ளூரில் யாரும் பார்க்கலை, உள்ளூர்ப் பதிவேட்டிலும் இல்லை. அந்த உறவினர் வேணும்னே பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கலை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

நீங்க தேடும்போது

சுருக்கமாச் சொல்லிடறேன்.

- முதலில் குடும்பத்தில் வயசானவங்ககிட்ட, "அவங்க யாரோட பழகினாங்க, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவாங்க?" என்று கேளுங்க. தேதியை மறந்திருப்பாங்க, ஆளை மறக்க மாட்டாங்க.
- சென்சஸில் உங்க ஆள் இருக்கிற வரியோட நிற்காதீங்க. முன்னும் பின்னும் பக்கங்களை வாசிங்க. பிள்ளைகள் பிறந்த மாநிலம் குடும்பம் நடந்த பாதையைக் காட்டும்.
- நீங்க தேடுகிற வருஷத்தில் கவுண்டி எல்லை எங்கே இருந்தது என்று பாருங்க. ஒட்டியிருக்கிற கவுண்டிகளைப் பட்டியல் போடுங்க, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதையும் சேர்த்து.
- பெண்களின் கன்னிப்பெயரைப் பிடிங்க. சிங் மாதிரி பொதுப் பெயருக்கு நடுவில் அதுதான் கைகொடுக்கும்.
- ஃபேமிலிசர்ச் தளத்தில் நிறைய கவுண்டிப் பதிவுகள் இலவசமா இருக்கு. சிலதை அவங்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும். பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் குரோனிக்ளிங் அமெரிக்கா இருக்கு.
- எந்தக் கவுண்டியில், எந்த வருஷத்தில் இருந்து எந்த வருஷம் வரைக்கும், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீங்க என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்க. "இல்லை" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் "எங்கே இல்லை" என்பதும் இருக்கணும்.

கடைசியா

லாஸ் குரூசஸில் இருந்து நகல் தபாலில் வந்தது. அந்தம்மா வீட்டுச் சமையலறை மேசையில் வெச்சுப் பிரிச்சோம். பாட்டிக்கு எழுதத் தெரியாது போல, ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. பக்கத்தில் தாத்தா குர்முகியில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படிக்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவங்க அந்த எழுத்து மேலே விரலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசலை.

அப்புறம் எழுந்து போய் ஒரு பழைய போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. அவங்க அம்மாவோட போட்டோ. நகலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வெச்சாங்க. "காபி போடட்டுமா?" என்று கேட்டாங்க. போடுங்க என்றேன்.

உங்க வீட்டில் அப்படி யாராவது கேள்வியோட காத்திருக்காங்களா? இந்த வாரமே ஒரு போன் பண்ணிப் பேசுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.