கார் சாவியைக் கொடுக்கும் முன்...

எங்கள் ஆல்ட்டோ காரை விற்று, அந்தப் பணத்தில் ஓவர்லாக் மெஷின் வாங்கலாம் என்று இவர் சொன்னபோது எனக்கு மனசே இல்லை. பெரியவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன வண்டியாயிற்றே! ஆனால் பனியன் தொழிலை நம்பியிருக்கிற வீட்டில், நிற்கிற காரைவிட ஓடுகிற மெஷின்தானே சோறு போடும்? ரூ. 2,15,000 என்று விலை வைத்தோம்.

முதலில் வந்தது ஒரு போன். "மிலிட்டரியில் இருக்கேன். வண்டியைப் பார்க்காமலே எடுத்துக்கறேன். அட்வான்ஸுக்கு க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்றது குரல். சின்னவள் போனைப் பிடுங்கிக் கட் பண்ணிவிட்டாள். பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் வெளியே போகும். பணம் வருவதற்குப் பின் நம்பரே தேவையில்லை!

அடுத்தவர் நேரிலேயே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். "அக்கா, அக்கா" என்று அத்தனை மரியாதை. நானும் காபி கொடுத்தேன். மனுஷர் பேரமே பேசவில்லை. (திருப்பூரில் பேரம் பேசாமல் கார் வாங்குகிறவர் உண்டா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) "யூபிஐ-யில் மொத்தமும் அனுப்பிட்டேனுங்க" என்று போனைக் காட்டினார். பச்சை டிக், இவர் பெயர், தொகை எல்லாம் சரியாக இருந்தன. இவர் போனுக்கும் 'பணம் வரவு' என்று மெசேஜ் வந்தது. இவர் சாவியை எடுக்கவே போய்விட்டார்.

"ஏனுங்க, கணக்கில் ஏறியிருக்கான்னு பார்த்துட்டுக் குடுங்க" என்றேன். பார்த்தால் பழைய பாக்கிதான் இருந்தது!

"இன்னைக்கு லீவு நாளுங்க, நாளைக்கு ஏறிடும்" என்றார். இவர் அசையவில்லை. "ஏடிஎம் போய் வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. ஒருவர் இன்னொருவருக்கு யூபிஐ-யில் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம்தான் அனுப்ப முடியும். மெசேஜ் வந்ததோ சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து. லீவு நாள் சாக்கும் செல்லாது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து வருஷம் முழுக்க இருபத்து நாலு மணி நேரமும் நடக்கிறது. இப்படி யாராவது பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டுமாம்.

கடைசியில் வாங்கியவர் பல்லடத்துக்காரர். பத்தாயிரம் குறைத்து 2,05,000-க்கு முடித்தார். "ரொக்கமாவே தந்துடறேனுங்க" என்றார். சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா செய்கிற ஊரில் ரொக்கம் சகஜம்தான். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-லிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கினவருக்கு! கள்ள நோட்டுப் பயம் வேறு.

அதனால் திங்கட்கிழமை அவருடைய பேங்குக்கே போய், எங்கள் எதிரிலேயே ஆர்டிஜிஎஸ் செய்யச் சொன்னோம். பணம் வந்ததை இவர் கணக்கில் பார்த்த பிறகே ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில், வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதி வாங்கினேன். "மணி எதுக்குங்க அக்கா?" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே எங்காவது இடித்துவிட்டால்?

அதோடு விட்டுவிடவில்லை. ஆர்.சி.-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இதே கதிதான். விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். பெயர் மாறுகிற வரைக்கும் பல்லடத்துக்கு நான் செய்த போன்களுக்குக் கணக்கே இல்லை.

மூன்றாவது வாரம் பெயர் மாறியது. மெஷின் வந்து இறங்கியது அதற்கு அடுத்த நாள்.