செங்கல் ஊரில் நான்கு லட்சம் பேர்

2025 ஜூலை 16ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தின் பூம் என்ற சிறிய ஊரில் ஒரு பனிக்கோட்டை தீப்பிடித்து எரிந்தது. டுமாரோலாண்ட் என்ற மின்னணு நடன இசைவிழாவுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய முதன்மை மேடை அது. விழா தொடங்க இரண்டே நாள் பாக்கி. மேடையில் வேலை செய்தவர்கள் காயமின்றித் தப்பியது ஒன்றுதான் ஆறுதல். இந்த வருஷம் விழா அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாசல் திறந்தது. மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் மேடைச் சாமான்களைத் தருவித்து, கருகி நின்ற கோட்டைக்கு முன்னாலேயே அவசர மேடை ஒன்றை எழுப்பிவிட்டார்கள். வந்த கூட்டம் வழக்கம்போல ஆடியது.

இத்தனைக்கும் டுமாரோலாண்ட் என்றாலே மேடைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். திறந்து மூடும் ராட்சதப் புத்தகம், எரிமலை, நீருக்கடியில் மூழ்கிய நகரம் என்று ஆண்டுக்கு ஒரு கற்பனை. அந்த மேடையே இல்லாதபோதும் விழா நடந்தது என்றால், மக்கள் அங்கே எதற்காகத்தான் போகிறார்கள்?

பூம், ஆண்ட்வெர்ப்புக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே ரூபெல் ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்த ஊர். களிமண் தோண்டிய பள்ளங்களில் இன்று குளங்களும் மரங்களும் மேடு பள்ளமான புல்வெளியுமாக ஒரு பூங்கா இருக்கிறது. விழா இல்லாத நாட்களில் குடும்பங்கள் அங்கே நடக்கப் போகின்றன. பழைய மரத்தில் செய்த பூதங்கள் மரங்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். மனு பியர்ஸ், மிகீல் பியர்ஸ் என்ற சகோதரர்கள் 2005 ஆகஸ்டில் இங்கே ஒருநாள் விழா நடத்தினார்கள். வந்தவர்கள் பத்தாயிரம் பேரளவில்தான். இப்போது ஜூலையில் இரண்டு வார இறுதிகளில் சுமார் நான்கு லட்சம் பேர் வருகிறார்கள். பக்கத்திலேயே கூடார நகரம். நுழைவுச்சீட்டு கையில் கட்டும் பட்டை. சாப்பாட்டுக்கும் குடிக்கவும் பணம் கட்டுவதும் அதே பட்டையில்தான், அதுவும் யூரோவில் அல்ல, ‘முத்து’ என்ற விழா நாணயத்தில்.

இத்தனை ஆடம்பரமும் பின்னால் வந்து சேர்ந்தது. இந்த இசை பிறந்த இடத்தில் மேடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

சிகாகோவில் வேர்ஹவுஸ் என்றொரு நடனக்கூடம். 1977இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டு போட்டார். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள், அவர்களிலும் பலர் ஒருபால் ஈர்ப்பாளர்கள். வேறு இடங்களில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதவர்கள். அதே நகரத்தில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடைவேளையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்துவிட்டது என்று கொண்டாடினார்கள். நக்கிள்ஸ் போன்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய டிஸ்கோ தட்டுகளை வெட்டி ஒட்டி நீட்டினார்கள், அடியில் தாள இயந்திரத்தின் ஓயாத அடியைச் சேர்த்தார்கள். அதுதான் ஹவுஸ் இசை. பக்கத்து டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று நண்பர்கள் டெக்னோ என்ற இசைவகையை உருவாக்கினார்கள். நக்கிள்ஸ் பெயரில் இன்று சிகாகோவில் ஒரு தெருவே இருக்கிறது.

கருவிகளின் கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு பெட்டியை விற்றது. கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பக்கவாத்தியமாக பேஸ் என்ற அடிஒலியை வாசிக்க வேண்டிய பெட்டி. பேஸ் கிட்டார்போல அது ஒலிக்கவே இல்லை; அதிகம் பேர் வாங்காததால் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்கு வந்த அந்தப் பெட்டியைச் சிகாகோ இளைஞர்கள் சில்லறை விலைக்கு வாங்கினார்கள். அதன் குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகியபோது எழுந்த நெளியும் ஒலியிலிருந்து 1987இல் ‘ஆசிட் ஹவுஸ்’ வந்தது. அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்னாலேயே, 1982இல், பம்பாயின் இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். அன்று அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது ஐரோப்பிய ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். எழுபது வயதுக்குமேல் அவர் வெளிநாட்டு மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார்.

பெல்ஜியத்துக்கும் சொந்தக் கதை உண்டு. 1980களின் பிற்பகுதியில், நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை ஒரு டிஜே 33இல் ஓட்டினார், அந்தக் கனத்த மெதுவான அடி கூட்டத்துக்குப் பிடித்துப்போயிற்று, அதுவே ‘நியூ பீட்’ என்ற இசையாகிவிட்டது என்று சொல்வார்கள்.

சரி, டிஜே என்னதான் செய்கிறார்? ‘அடுத்தவர் பாட்டைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுகிறார்’ என்ற கிண்டல் பழையது. டிஜேயின் மேசையில் இரண்டு முதல் நான்கு பிளேயர்கள், நடுவில் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர், கழுத்தில் ஹெட்ஃபோன். பாட்டுகள் விரல் அளவு யுஎஸ்பியில் வந்துவிடுகின்றன. ஒரு பாட்டு ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது அவர் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும். முதலில் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். ஹவுஸ் இசையில் நிமிடத்துக்கு 120 முதல் 130 பீட், அதாவது தாள அடி; டிரம் அண்ட் பேஸ் என்ற இசைவகை என்றால் சுமார் 170. பிறகு இரண்டின் சுருதியும் இடிக்காமல் இருக்க வேண்டும். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் முழங்கினால் குழம்பிவிடும். அதனால் ஒன்றின் அடிஒலியை மிக்ஸரில் இறக்கி, அதே நொடியில் மற்றதை ஏற்றுவார்கள். இப்போதைய பிளேயரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் தானாகவே பொருந்தும். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. அது கூட்டத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு.

இந்த இசையின் கணக்கு எளிது. நான்கு நான்கு பீட்டாக எண்ணிக்கொண்டே போனால், பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 பீட் முடியும் இடத்தில் வரும். நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் பாட்டில் 32 பீட் என்றால் சரியாக 15 விநாடி. அந்த 15 விநாடிக்குள் பேஸ் விலகும், தாளம் அடர்ந்துகொண்டே போகும், ஒலி மேலே மேலே ஏறும், ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு மொத்த அடியும் ஒன்றாக வந்து விழும். அதற்குப் பெயர் ‘ட்ராப்’. கோயில் கொடையில் உருமி மேளம் ஏறி ஏறி வந்து ஆட்டக்காரர்களைச் சுழலவிடும் கணத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று கூட்டத்துக்குத் தெரியும். எப்போது வரும் என்பது மட்டும் டிஜேயின் கையில் இருக்கும். ஒரு சுற்றுத் தள்ளிப்போட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரிய மேடையில் இந்தச் சுதந்திரம் குறைகிறது என்பதுதான் நெடுநாள் சண்டை. முதன்மை மேடையில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். தீப்பிழம்பு, வாணவேடிக்கை, திரைப்படிமம் எல்லாம் பல நேரம் குறிப்பிட்ட பாட்டின் குறிப்பிட்ட நொடியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும். அங்கே போய் டிஜே நினைத்தபடி பாட்டை மாற்ற முடியாது. எலி முகமூடி அணிந்து இசைக்கும் கனடா நாட்டு டெட்மௌஸ் 2012இல் இதை வெளிப்படையாகவே எழுதினார்: பெரிய மேடையில் எல்லோரும் பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் என்று. சக கலைஞர்கள் கொதித்தார்கள். இன்னொரு முனையில் பிரிட்டனின் கார்ல் காக்ஸ். மூன்று இசைத்தட்டுகளை ஒரே சமயத்தில் ஓட்டிப் பேர் வாங்கியவர். இபிஸா தீவின் ஸ்பேஸ் என்ற கூடத்தில் பதினைந்து கோடைகள் இசைத்துவிட்டு, 2016இல் விடைபெற்ற இரவில் மணிக்கணக்காக வினைல் தட்டுகளையே போட்டார். விவரம் தெரிந்த ரசிகர்கள் டுமாரோலாண்டிலும் முதன்மை மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு, மரங்களுக்கு நடுவிலும் குளத்தோரத்திலும் இருக்கும் சின்ன மேடைகளுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாட்டை மாற்றும் டிஜேக்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

கடைசி வரிசையில் நிற்பவருக்கும் அடி பிசகாமல் கேட்பதற்கு ஒலிப் பொறியாளர்கள் படும் பாடு தனி. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரை அது வந்தடைய விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகும். இந்த இசையில் அது அரை பீட்டுக்கும் மேல். அதனால் மைதானத்தின் நடுவே நிறுத்தும் ஸ்பீக்கர் கோபுரங்களை, மேடை ஒலி வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அவ்வளவு தாமதமாக ஒலிக்க வைக்கிறார்கள். இல்லாவிட்டால் நடுவில் இருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

இந்தியாவில் இந்தக் கூட்டங்களின் வேர் கோவாவில். 1970களில் அஞ்சுனா கடற்கரையில் வெளிநாட்டு நாடோடிகள் விடிய விடிய நடத்திய கொண்டாட்டங்களிலிருந்து, 1990களில் ‘கோவா டிரான்ஸ்’ என்ற இசைவகை உலகுக்குப் போனது. சீட்டு விற்று நடத்தும் பெரிய விழா 2007 டிசம்பரில் சன்பர்னுடன் கோவாவின் காண்டோலிமில் தொடங்கியது. இங்கே விடிய விடிய ஆட முடியாததற்குச் சட்டமே காரணம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை நள்ளிரவுவரை தளர்த்தலாம். அதனால் இந்திய விழாக்கள் வெயில் தாழும் முன்பே தொடங்கி, ஐரோப்பாவில் கூட்டம் சூடேறும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

டிஜே நட்சத்திரமானதற்கு விலையும் உண்டு. ஸ்வீடனின் டிம் பெர்க்லிங், உலகம் அவிச்சி என்று அறிந்தவர், 2013 மார்ச்சில் மயாமியின் அல்ட்ரா விழாவில் பான்ஜோவும் கிட்டாருமாக நாட்டுப்புற இசைக்காரர்களை மேடையேற்றினார். ஆட வந்த கூட்டம் விழித்தது, இணையத்தில் திட்டினார்கள். அங்கே வாசித்த ‘வேக் மீ அப்’ சில மாதங்களில் பல நாடுகளின் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. ஆனால் ஓயாத பயணமும், தூக்கமின்மையும், குடியும், மேடைக்கு முந்தைய பதற்றமும் அவர் உடலைத் தின்றன. 2016இல் மேடைக்கு முழுக்குப் போட்டார். 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தபோது அவருக்கு வயது 28. ஸ்டாக்ஹோமின் பெரிய உள்ளரங்கம் 2021 முதல் அவர் பெயரில் இருக்கிறது. டிஜேக்களின் மனநலத்தைப் பற்றி இந்தத் துறை பரவலாக வாய்திறந்து பேசத் தொடங்கியது அவருக்குப் பிறகுதான்.

ஆட வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. போதை மாத்திரையோடு வெயிலிலும் நெரிசலிலும் மணிக்கணக்கில் ஆடி, உடல் சூடேறி உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் கேடு காதுக்கு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலை 15 நிமிடம்தான் பத்திரமாகத் தாங்கும் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. பூம் அமைந்திருக்கும் ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. அந்த அளவை நெருங்கும் விழாக்கள் காதடைப்பானை இலவசமாகத் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2022இல் அதே 100 டெசிபலைத்தான் உச்சவரம்பாகச் சொன்னது. நல்ல காதடைப்பான் போட்டால் இசை கெடாது, சத்தம் மட்டும் குறையும். டிஜேக்களே பலர் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

பெல்ஜியம் போக விசாவும் பணமும் இல்லாதவர்களுக்கு டுமாரோலாண்ட் தன் நிகழ்ச்சிகளை யூடியூபில் தருகிறது. முதல்முறை கேட்பவர்கள் உச்சியில் வரும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மதியம் காலி மைதானத்தில் தொடங்கும் டிஜேயிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். சில இடங்களில் இரண்டு பாட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும்.