மலைப்பாதையின் முதல் பயணி

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் சாலையை விட்டு எங்கே இறங்கினாலும் சற்று நேரத்தில் ஓர் ஒத்தையடிப் பாதை கிடைத்துவிடும். கிணற்றுக்கு ஒன்று, சாமைக் கொல்லைக்கு ஒன்று, மேடேறி அடுத்த ஊர்க் கோயிலுக்கு ஒன்று. மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மரநிழல், பாறை, ஓடைக் கடவு, கால் வலிக்கும் ஏற்றம், கைப்பிடி நடுங்கும் இறக்கம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்தப் பாதைகளில் ஆண்டுதோறும் முதலில் இறங்கி ஓடுவது ஆளும் இல்லை, மாடும் இல்லை. ஐப்பசி மழைத் தண்ணீர்தான். அதைக் கணக்கில் வைக்காமல் போட்ட பாதை எதுவும் சில மழைக்காலங்களைத் தாண்டி நின்றதில்லை.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் என்ற மிகப் பழைய கடும்பாறை. மேலே பல இடங்களில் சரளை கலந்த மெல்லிய செம்மண். செய்யாறும் அகரம் ஆறும் இந்த மலையைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கின்றன. இரண்டும் கடைசியில் சேர்வது பாலாற்றில். மேற்குப் பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த ஊர்கள் 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பக்கத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். ஊட்டியோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவான உயரம். ஆனால் பாதைக்கு உயரம் பெரிதில்லை, சரிவுதான் பெரிது.

ஓடுகிற தண்ணீருக்கு ஒரு பழைய விதி உண்டு. ஆழமும் தரையின் சொரசொரப்பும் மாறாமல் இருந்தால், சரிவு நான்கு மடங்கு கூடும்போது நீரின் வேகம் இரண்டு மடங்காகும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் வேகம் இரட்டித்தால் அந்த நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்கு கூடும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் பாதையில் 10 கிராம் சரளையைத் தள்ளும் நீர், நூற்றுக்கு இருபது இறங்கும் பாதையில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட கல்லையே புரட்டிவிடும். உச்சியிலிருந்து நேர்கீழாக இறங்கும் குறுக்குவழிகள் சில ஆண்டுகளில் முழங்கால் ஆழ வாரியாவது இதனால்தான். முதலில் மண் போகும், பிறகு சரளை போகும், கடைசியில் பாறை பல்லை இளிக்கும். நடக்கிறவர் வாரிக்குப் பக்கத்தில் புதிதாகத் தடம் போடுவார். அடுத்த மழை அதையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பாதை மூன்றாகப் பிரிந்து சரிவே புண்ணாகிக் கிடப்பதை எந்த மலையிலும் பார்க்கலாம்.

மலைச் சைக்கிள் பாதை போடுகிறவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய இம்பா என்ற பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் அதைப் பரப்பியது. பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலிருந்து வரும் நீருக்குப் பாதையைக் குறுக்கே கடப்பதைவிடப் பாதையோடு ஓடுவது சுலபமாகிவிடும். பாதைதான் அப்புறம் ஓடை. பாதி அளவுக்குள் இருந்தால் நீர் குறுக்கே வழிந்து காட்டுக்குள் போய்விடும்.

இந்தக் கணக்கில் யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் இருக்கிறது, புதூர்நாட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. நூற்றுக்கு நாற்பது சாய்ந்த செங்குத்தான சரிவில், நூற்றுக்குப் பத்து ஏறும் பாதை பத்திரமானது. ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு மட்டுமே சாய்ந்த மிதமான சரிவில், எட்டு ஏறும் பாதை கெட்டுப்போகும். பன்னிரண்டில் பாதி ஆறுதானே! மலைமேல் ஏறியபின் விரியும் கொல்லைகளும் மேய்ச்சல் மேடுகளும் கண்ணுக்குச் சாதுவாகத் தெரிகின்றன. சைக்கிளுக்கு ஏற்ற இடம் என்று முதலில் தோன்றுவதும் அவைதான். பாதை அரிக்கப்படும் ஆபத்து அதிகம் இருப்பதும் அங்கேதான். பார்த்தால் பயமாக இருக்கும் பள்ளத்தாக்குச் சுவரில், சமஉயரக் கோட்டை ஒட்டி வெட்டிய குறுகிய பாதை அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும்.

சரி, சக்கரம் கெடுக்கவே இல்லையா? 1994-இல் வெளியான மொன்டானா ஆய்வு ஒன்றில், செயற்கை மழை பெய்வித்து, மனிதர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கும் பாதையிலிருந்து எவ்வளவு மண்ணைப் பெயர்க்கின்றன என்று அளந்தார்கள். அதிகம் பெயர்த்தவை குதிரைக் குளம்புகள். நடப்பவர்களின் கால்களும் சக்கரங்களைவிட அதிக மண்ணைக் கிளப்பின. 2001-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், பாய்ன் பள்ளத்தாக்கின் இலையுதிர் காட்டில் இன்னொரு சோதனை. ஒரே இடத்தில் 500 முறை வரை நடந்தும் ஓட்டியும் பார்த்ததில், செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

சைக்கிள்காரர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்ட மாட்டேன். காலடி விட்டு விட்டு விழும். அதன் குழியில் நீர் தேங்கி நிற்கும். சக்கரத் தடம் அறுபடாத கோடு. ஈர மண்ணில் அது பதிந்துவிட்டால் நீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரிதான். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும் பழக்கம் இன்னும் மோசம். இறங்கும்போது ஆளின் எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, டயர் மண்ணை உழுதுகொண்டே போகும். முன் பிரேக்கை விரலால் அளந்து பிடிக்கத் தெரிந்தவர் பாதையையும் காப்பாற்றுகிறார், பல்லையும் காப்பாற்றிக்கொள்கிறார்.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே பிரேக் புகைந்த கதை இருக்கிறது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976 அக்டோபர் 21 அன்று, சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களோடு ஒரு மலைச்சாலையில் பந்தயம் வைத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் எரிந்து ஆவியாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்தின் பெயரே ‘ரீபேக்’ ஆயிற்று. ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்று வைத்தால், 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் பிரேக்கில்தான். இன்றைய டிஸ்க் பிரேக் அந்த வெப்பத்தைச் சக்கர வளையத்துக்கு விடாமல் தகட்டிலிருந்தே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த ரீபேக் கூட்டத்தில் இருந்த கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் பின்னால் மவுண்டன் பைக்கை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாக இடம்பெற்றது.

ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு. அதே 85 கிலோ, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுக்குப் பத்து ஏற வேண்டுமானால் புவியீர்ப்பை வெல்லவே சுமார் 115 வாட் வேண்டும். நூற்றுக்கு இருபது என்றால் 230 வாட். ஓரளவு பழகிய ஆள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150 வாட்டை ஒட்டித்தான். இருபதில் ஏறினால் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவார்கள், தள்ளுகிற காலும் சறுக்கி மண்ணைக் கிளறும். நெடும்பாதையின் சராசரி ஏற்றம் பத்தைத் தாண்டக் கூடாது என்று இம்பா வழிகாட்டுவது மண்ணுக்காகச் சொன்னது. மனிதத் தொடைக்கும் அதே எண் பொருந்திவிடுகிறது. பாரம் சுமக்கும் கழுதைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இந்த மலையடிவாரத்துக்குப் பாதை சொல்லும் மரபு புதிதல்ல. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்பிவைக்கும் மலைபடுகடாம், செய்யாற்றை ஒட்டிய மலைவழிக்கான கையேடாகவும் இருக்கிறது. எங்கே வழுக்கும், எங்கே பன்றிப் பொறி வைத்திருப்பார்கள், தினைப்புனம் காப்பவன் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும் என்று 583 அடிகளில் பெருங்கௌசிகனார் சொல்லிக்கொண்டே போகிறார். இன்றைய பாதை வரைபடங்களில் இவ்வளவு அக்கறையைக் காண முடிவதில்லை.

பன்றிப் பொறியின் இடத்தில் இன்று நினைவில் வைக்க வேண்டியது கரடி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் காய்ந்த காடுகளில் கரடி உண்டு. கிட்டத்தில் திடீரென்று ஆளைக் கண்டால் ஓடுவதைவிடத் தாக்குவதுதான் அதன் இயல்பு. நடக்கிறவர் சத்தம் கரடிக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வரும். 2016-இல் மொன்டானாவில் மலைச் சைக்கிளில் வளைவு திரும்பியவர் கிரிஸ்லி கரடி மீதே மோதி உயிரிழந்தார். அதனால் பள்ளத்தாக்குப் பாதையில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஓட்டுகிறவரின் துணிச்சல் இல்லை, எதிரே எத்தனை மீட்டர் தெரிகிறது என்பதுதான். உண்ணிச்செடிப் புதர் மண்டிய வளைவில் மணியடித்துக்கொண்டு மெதுவாகப் போவது கோழைத்தனம் ஆகாது.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் சக்கரம் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 நடைபாதைகளைத் திறந்தது. இலை உதிர்ந்து சருகு மெத்தையாகக் கிடக்கும் மாசி, பங்குனி தீக்காலம். ஐப்பசி, கார்த்திகை சேற்றுக்காலம், தடம் பதியும். ஆக, மழை விட்டு மண் இறுகிய மார்கழி, தை மாதங்கள்தான் இந்த மலைக்கு நல்ல பருவம். வேல்ஸ் நாட்டில் கோய்ட்-இ-பிரெனின் காட்டுப் பள்ளத்தாக்கில், 1990-களில், பிரிட்டனிலேயே முதன்முதலாக மலைச் சைக்கிளுக்கென்று பாதைகள் போட்டபோது இந்தப் பருவப் பிரச்சினைக்கு வேறு தீர்வு கண்டார்கள். ஆண்டு முழுதும் மழை என்பதால் மண்ணை நம்பாமல் கல்லைப் பதித்தார்கள். ஜவ்வாது மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஓடைக் கடவுகளில் மட்டுமாவது அதைச் செய்யலாம்.

ஆனால் இங்கே பாதை யாருடையது என்ற கேள்வி பொழுதுபோக்குக்கு முந்தியது. 2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பகுதிப் புலியூரிலிருந்து சேம்பரைக் கோயிலுக்குப் போன வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். மலைச்சரிவு அங்கே அன்றாட வாழ்வின் ஆபத்து. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் இடத்தைத் தாண்டி, வெளியூர்க்காரர் வரைபடத்தில் கோடு இழுத்துப் பாதை அறிவித்தால் அது மேய்ச்சல் தடத்தையும் கிணற்று வழியையும் வெட்டிக்கொண்டு போகும். ஊரார் ஒப்பினால் வேலை சிக்கலானதில்லை. முப்பது நாற்பது அடிக்கு ஒரு முறை பாதையைச் சற்றுத் தாழ்த்தி மறுபடி ஏற்றினால் நீர் அங்கேயே வெளியேறிவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் நூற்றுக்கு நான்கு ஐந்து சாய்த்து வெட்ட வேண்டும். புரட்டாசிக்குள் அந்தத் தாழ்வுகளில் அடைந்த மண்ணை வாரிப்போட வேண்டும். சரிவில் சமஉயர வரப்பு போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். கூலியை யார், எந்தக் கணக்கில் தருவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.