வெப்பு நோயும் குளிர்சுரமும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அதற்கு மேலும் ஏறினால் சேர்வராயன் மலையின் உச்சி. உயரம் 5326 அடி. அங்கே குறுகிய இருண்ட குகையினுள் சேர்வராயரும் காவேரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். மே மாதத் திருவிழாவிற்கு மலைவாழ் மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வருகின்றனர். அம்மலைச் சரிவில் நின்று பிள்ளைகள் கூவுவதும், கூவிய சொல் திரும்பி வரக் கேட்டுக் கைகொட்டுவதும் நாம் காணும் காட்சியே. வைதால் வசை வரும், வாழ்த்தினால் வாழ்த்து வரும். வினையும் அத்தகையதே என்று விழாச் சொற்பொழிவுகளில் கூறுவதுண்டு. நாமும் பலமுறை அவ்வாறு கூறியிருக்கின்றோம்.

எண்ணிப் பார்த்தால் அவ்வுவமை முழுமையாகப் பொருந்தாது. எதிரொலிக்கு அறிவில்லை, அனுப்பியதை அப்படியே உடனே திருப்பும். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் நாம் ஈட்டும் வினையும் அறிவற்ற சடமே. ஆயினும் சடமாகிய அது, செய்தவனைத் தானே தேடி வருவதில்லை; இறைவனே அதனைக் கூட்டுவிக்கின்றான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. கூட்டுவிப்பவன் அருளாளன் ஆதலின் காலமும் அளவும் அவன் குறிப்பின்படியே அமைகின்றன.

மதுரையில் நிகழ்ந்ததைப் பெரியபுராணம் உரைக்கின்றது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் அடியார்களுடன் அங்கே மடத்தில் தங்கியிருந்தார். அவர் வரவைப் பொறாதார், மடத்தை மந்திரத்தால் எரிக்க எண்ணி அரசனிடம் இசைவு பெற்றனர். மந்திரம் பலிக்கவில்லை, ஆகவே இரவில் தம் கையாலேயே தீ வைத்தனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசன் தீயைக் கையாலும் தொட்டவன் அல்லன். அப்படியே செய்க என்று ஒரு சொல் சொன்னான், பின் மஞ்சத்தில் சாய்ந்தான், அவ்வளவே. ஆயினும் ஊரில் தங்கியவரைக் காக்கும் பொறுப்பு அவனுடையது. ஆதலின் அத்தீ, வைத்த கையைத் தேடிச் செல்லவில்லை. இசைந்த நாவை நாடிச் சென்றது. சமய வேற்றுமை இங்கே பெரிதன்று. எச்சமயத்தார் வைத்தாலும் உறங்குவோர் மனையில் வைத்த தீ தீயே.

தீயைப் பாண்டியனிடம் அனுப்பிய பிள்ளையார், மூன்றாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தில், அது மெல்லச் செல்லுமாறு வேண்டினார். சேக்கிழார் இதற்குக் காரணங்களை அடுக்குகின்றார்: மங்கையர்க்கரசியாரின் மங்கலநாண் நிலைக்க வேண்டும், அமைச்சர் குலச்சிறையாரின் அன்பு மதிக்கப்பட வேண்டும், அரசன் திருநீறு பெற்றுச் சிவநெறிக்கு மீள வேண்டும். தீங்கு இழைக்கப்பட்டவரே தீங்கிழைத்தவனுக்காகத் தயவு கேட்கின்றார். எதிரொலி இவ்வாறு தயங்கி நிற்குமா?

இனி நம் பகுதிக்கு வருவோம். மதுரைக்குச் செல்லுமுன் பிள்ளையார் கொங்கு நாட்டிற்கு எழுந்தருளினார். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்து, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு அன்று கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்டது. அங்கே பனிக்காலத்தில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. மதுரையில் அரசனுக்குச் சுரம். இங்கே குற்றமற்ற அடியார்க்கும் சுரம். நாடி பிடித்துப் பார்ப்பவனுக்கு இரண்டும் உடற்சூடுதான்.

செய்தி கேட்ட பிள்ளையார் யாரையும் நோக்கி, நீ என்ன பாவம் செய்தாய் என்று வினவவில்லை. இஃது இந்நிலத்தின் இயல்பு என்றே கூறினார். பின்னர், முன்செய்த வினையின் பயன் இதுவெனச் சொல்லிக்கொண்டே உய்யும் வழி தேடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்தில் தொடங்கித் திருநீலகண்டப் பதிகத்தை அருளினார். முதல் திருமுறையில் அது உள்ளது. அடியாரை மட்டுமன்று, அந்நாட்டையே சுரம் விட்டு நீங்கியது.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் நோய் வந்தால், பிள்ளை இறந்தால், தோட்டத்தில் விளைவு பொய்த்தால், செய்த வினை சும்மா விடுமா என்று திண்ணையில் பேசுகின்றோம். வினைக்கொள்கையை நம்புவதாகவே அப்பொழுது நினைத்துக்கொள்கின்றோம். உண்மையில் துன்புறுபவன் நெஞ்சில் இன்னொரு தீயையே வைக்கின்றோம். அது நம் கணக்கில் ஏறும் வாக்கு வினை. எது மதுரைச் சுரம், எது செங்குன்றூர்ச் சுரம் என்று பிரித்தறியும் கண் நமக்கு ஏது? திருநீறும் ஆறுதலும் கொண்டு செல்வதற்கோ அந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிள்ளையார் இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றே: சுரத்தைத் தணித்தார்.

பாண்டியனுக்கு அவர் திருநீறு பூசிப் பாடியது இரண்டாம் திருமுறையில் உள்ள திருநீற்றுப் பதிகம். நோய் நீங்கிய அம்மன்னனே நின்றசீர் நெடுமாற நாயனார். தீக்கு இசைந்த அதே மன்னன் அறுபத்து மூவருள் ஒருவராகச் சிவாலயங்களில் எழுந்தருளியிருக்கின்றார். ஐப்பசிப் பரணியில் அவருக்குக் குருபூசை நடைபெறுகின்றது.