பியோர்க்கின் 'டெபியூ': குழுக்குரலும் தனிக்குரலும்

ராக் குழுப் பாடகர் ஒருவர் தனித்துப் பாப் இசைத்தொகுப்பு வெளியிடுவதை வணிகச் சமரசம் எனக் கருதுவோர் உளர். இக்கருத்து எல்லா நிலையிலும் பொருந்துமா என்பதை ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் 'டெபியூ' (1993) தொகுப்பைக் கொண்டு நோக்குவோம்.

1986இல் தோன்றிய சுகர்க்யூப்ஸ் குழு 1992இல் கலைந்தது. அக்குழுவில் கித்தார், டிரம்ஸ் ஒலிகளுக்கிடையே, ஐனார் ஓர்ன் என்னும் மற்றொரு பாடகருடன் பியோர்க் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். தனித்தொகுப்பிலோ பாடலுக்குப் பாடல் இசைக்கருவிகள் மாறுகின்றன. நெல்லி ஹூப்பரின் தயாரிப்பில் நடன இசைத்தாளம் ஒரு பாடலைத் தாங்குகின்றது. ஹார்ப் ஒன்றே மற்றொன்றுக்குத் துணையாகின்றது. இன்னொன்றில் சாக்சபோன்கள் மட்டுமே குரலைச் சூழ்கின்றன. 'வீனஸ் அஸ் எ பாய்' பாடலின் நரம்பிசையை இலண்டனில் பிறந்த தப்லாக் கலைஞர் தல்வின் சிங், பம்பாய் இசைக்குழுவைக் கொண்டு உருவாக்கினார்.

குழுவில் குரல் இசைக்கு இசைந்தது. இங்கு இசை குரலுக்கு இசைகின்றது. ஆகவே, இத்தொகுப்பைச் சமரசம் என்பதினும் கலைஞரின் தெரிவுரிமை விரிந்ததன் சான்று எனக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்தாகும்.