சவுனா: வெப்பமும் உடலின் சொல்லும்

இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அன்றாட வாழ்வைப் பற்றிய ஐயங்கள் பல எழும். மாடிப்படி ஏறலாமா, வண்டி ஓட்டலாமா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று கேட்பவர்களுள் சிலர் இன்னொன்றையும் கேட்பதுண்டு. உடற்பயிற்சிக் கூடத்திலும் பயணத்தில் தங்கும் விடுதியிலும் காணப்படும் அந்தச் சூடான மர அறைக்குள் சென்று வியர்க்க உட்காரலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை விடை இல்லை. அந்த அறை பிறந்த நாட்டு மக்கள் அதை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள், அதற்குள் உடலில் என்ன நிகழ்கிறது என்பவற்றை அறிந்துகொண்டால், உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பின்லாந்தின் வீட்டு அறை

ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி நாம் 'சானா' என்றும் 'சோனா' என்றும் சொல்வதைப் பின்லாந்து மக்கள் 'சவுனா' என்கிறார்கள். உலக மொழிகள் பலவற்றிலும் குடியேறிவிட்ட பின்னியச் சொல் இது. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் உள்ளன. தனி வீடுகளிலும் ஏரிக்கரைக் குடில்களிலும் மட்டுமல்லாமல், நாடாளுமன்றத்திலும் சவுனா உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுச் சவுனா ஒன்று இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று முறை வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போல, அங்கும் சனிக்கிழமை மாலையே வழிவழியாக வந்த சவுனா நேரம். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

முற்காலத்தில் அது குளியலறையாக மட்டும் இருக்கவில்லை. சிற்றூர்களில் சூடும் வெந்நீரும் ஒருங்கே கிடைத்த தூய்மையான இடம் அதுவே என்பதால், பெண்கள் அங்குதான் மகப்பேறு கண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் இவ்வழக்கம் நீடித்தது. நோயுற்றவரைப் பேணியதும், இறந்தவரை இறுதியாக நீராட்டியதும் அங்கேதான். சாராயமும் தாரும் சவுனாவும் தீர்க்காத நோய் சாவுக்கே இட்டுச் செல்லும் என்று பின்லாந்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. மருத்துவமனைகள் எட்டாத் தொலைவில் இருந்த காலத்தின் பழமொழி அது. இன்று பின்லாந்தினரே மார்புவலி வந்தால் சவுனாவுக்குச் செல்வதில்லை, மருத்துவமனைக்கே செல்கிறார்கள்.

சொற்கள் சொல்லும் சேதி

சவுனா அறையின் அடுப்பின்மேல் கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவை நன்கு சூடேறிய பின் அகப்பையால் நீரை அள்ளி அவற்றின்மேல் ஊற்றுவார்கள். அப்போது எழும் ஆவிக்கு 'லொய்லு' என்று பெயர். அச்சொல்லுக்குப் பழங்காலத்தில் மூச்சு, உயிர் என்ற பொருள்கள் இருந்தன. தமிழிலும் 'ஆவி' என்பது நீராவியையும் உயிரையும் ஒருசேரக் குறிப்பதை எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று அறியாத இரு மக்கள் ஒரே காட்சியிலிருந்து ஒரே எண்ணத்தை அடைந்திருக்கிறார்கள்.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே வேறு ஒப்புமைகளும் உண்டு. 'படம்', 'பாடம்', 'பட்டம்' என நெடிலும் ஒற்றும் நம் மொழியில் பொருளை மாற்றுவதைப் போலவே, பின்னிய மொழியில் 'துலி' என்றால் நெருப்பு. 'தூலி' என்றால் காற்று. 'துல்லி' என்றால் சுங்கம். நாம் 'சவுனாவில்', 'சவுனாவிலிருந்து' என்று உருபுகளை ஒட்டுவது போல அவர்கள் 'சவுனாஸ்ஸா', 'சவுனாஸ்தா' என்று ஒட்டுகிறார்கள். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இத்தகைய ஒப்புமைகளைச் சுட்டிக்காட்டினார். எனினும் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பது நிறுவப்படவில்லை.

நோயாளிகளுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒப்புமை ஒன்று உள்ளது. காய்ச்சல் கண்ட பின்லாந்துக்காரர் 'மினுல்லா ஒன் கூமே' என்பார். 'என்னிடம் காய்ச்சல் இருக்கிறது' என்பது அதன் பொருள். நாமும் 'எனக்குக் காய்ச்சல்' என்றே சொல்கிறோம். இரு மொழிகளிலும் நோய் மனிதரிடம் வந்து தங்கியிருக்கும் ஒன்று. மனிதர் வேறு, நோய் வேறு. படுக்கையில் கிடக்கும் நாள்களில் மறந்துவிடக்கூடிய இவ்வுண்மையை நம் அன்றாடப் பேச்சே நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் ஒருவரை ஒருவர் காணும்போது சொல்லும் வாழ்த்துகளுள் ஒன்று 'தெர்வே'. நலமுடையவர் என்பதே அச்சொல்லின் பொருள். 'நலமா?' என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அறைக்குள் உடலில் நிகழ்வது

சவுனா அறையின் வெப்பம் பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கொதிநீரின் வெப்பத்தை நெருங்கும் காற்று உடலைச் சுட்டுவிடாதிருக்கக் காரணங்கள் இரண்டு. காற்று நீரைப்போல் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதில்லை. மேலும், உலர்ந்த காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. கற்களில் நீர் ஊற்றியவுடன் அறையின் ஈரப்பதம் உயர்கிறது. ஆவி தோலில் படிந்து தன் வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. அதனால்தான் ஓர் அகப்பை நீருக்கே சூடு திடீரென மிகுந்ததாகத் தோன்றுகிறது.

நம் ஊர்களில் 'ஸ்டீம் பாத்' எனப்படும் நீராவி அறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே வெப்பநிலை குறைவு. ஆனால் காற்று முழுவதும் ஈரம். அங்கே வியர்வை ஆவியாவதில்லை ஆதலால், குறைந்த வெப்பமும் உடலுக்குப் பெருஞ்சுமையாகலாம். இரண்டையும் ஒன்றென எண்ணக் கூடாது. மருத்துவரிடம் கேட்கும்போது எந்த அறை என்பதையும் சொல்லுங்கள்.

உள்ளே அமர்ந்த சில நிமிடங்களில் தோலின் வெப்பம் 40 டிகிரியை எட்டும். உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிவடையும். விரிந்த குழாய்களை நிரப்ப இதயம் விரைந்து துடிக்கும். நிமிடத்துக்கு 120 துடிப்புகளைத் தாண்டுவதும் உண்டு. நாம் அசையாமல் அமர்ந்திருந்தாலும், இதயத்துக்கு அது வேக நடைக்கு ஒப்பான உழைப்பு. ஒரு முறை சவுனாவில் அமர்ந்தெழுந்தால் சுமார் அரை லிட்டர் நீர் வியர்வையாக வெளியேறிவிடும். குழாய்கள் விரிந்தும் நீர் குறைந்தும் இருக்கும் அந்நிலையில் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும், மயக்கமும் வரலாம்.

வியர்வையின் வழியாக உடலின் நச்சுகள் எல்லாம் வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. கழிவை அகற்றும் பணியைச் செய்பவை சிறுநீரகங்களும் கல்லீரலும்தான். அவ்வுறுப்புகள் பழுதுற்றவர்களுக்குச் சவுனா மாற்றாகாது.

ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

கிழக்குப் பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 42 முதல் 60 வயது வரையிலான 2,315 ஆண்களை ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவுகள் 2015இல் வெளியாயின. வாரத்துக்கு ஒரு முறை சவுனாவுக்குச் சென்றவர்களோடு ஒப்பிடும்போது, நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களிடையே திடீர் இதய மரணம் 63 விழுக்காடு குறைவாக இருந்தது.

மனம் கவரும் எண்தான். ஆயினும் இது மக்களைக் கவனித்துப் பதிந்த ஆய்வு. சவுனாவே காரணம் என்று மெய்ப்பித்த ஆய்வு அன்று. நல்ல உடல்நலமும் ஓய்வும் வாய்த்தவர்கள் அடிக்கடி சவுனாவுக்குச் சென்றிருக்கலாம். பங்கேற்றவர்கள் அனைவரும் சவுனாப் பழக்கம் ஊறிய ஒரு பகுதியின் ஆண்கள். ஐம்பது வயதில் முதல் முறையாக அவ்வறைக்குள் நுழையும் ஒருவருக்கு, அதிலும் மருந்துகள் உட்கொள்ளும் ஒருவருக்கு, அவ்வெண் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் பதிலாகச் சவுனாவைக் கொள்வது பெரும் பிழை.

யார் தவிர்க்க வேண்டும்?

இதய நோய் கட்டுக்குள் இருப்பவர்களுள் பெரும்பாலோர் சவுனாவைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதே மருத்துவ அனுபவம். ஆனால் பின்வரும் நிலைகளில் அதைத் தவிர்க்க வேண்டும்:

– ஓய்வில் இருக்கும்போதும் வரும் மார்புவலி, அல்லது நாளுக்கு நாள் மிகும் மார்புவலி
– அண்மையில் ஏற்பட்ட மாரடைப்பு
– பெருந்தமனி வால்வின் கடுமையான சுருக்கம்
– காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத அறுவைச் சிகிச்சைக் காயம்
– மது அருந்திய நிலை

பின்வருவோர் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்:

– இரத்த அழுத்தத்துக்கான மருந்துகளோ சிறுநீர் பெருக்கி மாத்திரைகளோ உட்கொள்வோர். அழுத்தம் எதிர்பாராமல் தாழக்கூடும்.
– இன்சுலின் போட்டுக்கொள்வோர். சூட்டில் ஊசி மருந்து விரைவாக உடலில் கலப்பதால் சர்க்கரை தாழலாம். பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு பட்டதும் தெரியாமற் போகலாம்.
– வலி மருந்துப் பட்டைகளைத் தோலில் ஒட்டியிருப்போர். வெப்பத்தில் மருந்து அளவுக்கு மீறி உட்செல்லும் ஆபத்து உண்டு.
– கருவுற்ற பெண்கள், சிறுநீரக நோயாளிகள், நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டோர், முதியோர்.

சவுனாவிலிருந்து வெளிவந்து பனிநீரில் மூழ்கும் காட்சிகளைப் பலரும் கண்டிருப்பார்கள். திடீர்க் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும். இதய நோயாளிகள் அதைப் பின்பற்ற வேண்டாம். வெளியே அமர்ந்து சிறிது சிறிதாக உடல் ஆறட்டும்.

எழுந்து வருதல்

பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் சவுனாத் தாங்குதிறன் போட்டி ஒன்று நடந்துவந்தது. கடைசிவரை உள்ளே அமர்ந்திருப்பவரே வெற்றியாளர். 2010 ஆகஸ்டில் 110 டிகிரி வெப்பத்தில் நடந்த இறுதிச் சுற்றில் இருவர் நிலைகுலைந்து வீழ்ந்தனர்; அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னர் அப்போட்டி நடைபெறவில்லை.

வீட்டுச் சவுனாவில் போட்டி கிடையாது. ஐந்து நிமிடத்தில் ஒருவர் எழுந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. உடல் போதும் என்று சொன்னால் போதும். பழகியவர்கள்கூட ஒரு தடவைக்கு ஐந்து முதல் இருபது நிமிடங்களே அமர்ந்து, வெளியே வந்து, ஆறி, நீர் அருந்துகிறார்கள். மருத்துவரின் ஒப்புதலோடு புதிதாகத் தொடங்குபவர் கீழ்ப்படியில், ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நன்று. சூடு மேலே செல்லும் ஆதலால் கீழ்ப்படியில் வெப்பம் குறைவு.

உடன் இருப்பவர்களுக்கும் ஒரு பணி உண்டு. நோயிலிருந்து தேறிவருபவரைத் தனியே உள்ளே விடாதீர்கள். அருகில் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருங்கள். பேரப்பிள்ளையின் பள்ளி, நேற்றைய மழை, அடுத்த வாரச் சமையல் என்று எதுவாகவும் இருக்கலாம். விடைகள் தாமதமானாலோ, பொருந்தாமற் போனாலோ, பேச்சு நின்றாலோ, அதுவே முதல் எச்சரிக்கை. கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்து, காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். மார்புவலி, மூச்சுத்திணறல், குழப்பம், நினைவிழப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

சவுனாவுக்கே செல்லாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பின்லாந்துக் குடும்பத்தினர் வாரத்தில் ஒரு மாலை எல்லா வேலைகளையும் ஒதுக்கிவிட்டு ஒருவர் அருகில் ஒருவர் அமர்கிறார்கள். பேச்சு வந்தால் பேசுகிறார்கள். வராவிட்டால் அமைதியாக இருக்கிறார்கள். மாத்திரை, பரிசோதனை, செலவு என்ற கணக்குகளிலேயே கழியும் நோய்க்கால வீட்டுக்கு அத்தகைய கால் மணி நேரம் தேவை. அதற்குச் சூடான அறை வேண்டியதில்லை. திண்ணையோ கட்டிலின் ஓரமோ போதும். 'நலமா?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை உடன் அமர்ந்திருங்கள்.